டயல்ல இருக்கிற பேர் யாரோடது? மும்பை ஸ்பெஷல் வாட்ச்சுகள் பற்றி ஒரு குறிப்பு

பழைய வாட்ச் சேர்க்கிறவங்க மத்தியில 'மும்பை ஸ்பெஷல்' என்று ஒரு சொல் புழங்குகிறது. ஏதோ பலகாரம்னு நினைச்சுடாதீங்க, அது ஒரு திட்டு. ஆரஞ்சு டயல் எச்.எம்.டி. பைலட், கிளிப்பச்சை டயல் சீக்கோ 5, நேத்து அச்சடிச்ச மாதிரி பளபளக்கிற ஃபாவ்ர்-லூபா சீ கிங். இணையத்தில் இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்க்கு "ஒரிஜினல், விண்டேஜ், மின்ட் கண்டிஷன்" என்று வரும். உள்ளே இருக்கிற மிஷின் பெரும்பாலும் நிஜம்தான். ஆனா டயல் மறுபடி பெயிண்ட் அடிச்சது, முள் வேற வாட்ச்சுடையது, கேஸ் மறுபடி குரோமியம் பூசினது, சாவி எங்கேயோ மொத்தமா வாங்கினது. நாலு செத்த வாட்ச்சிலிருந்து ஒரு உயிருள்ள வாட்ச். வெளிநாட்டுக்காரர்கள் இப்படி ஒட்டுப்போட்டதை 'ஃபிராங்கன்' என்றும், இந்தியாவிலிருந்து வருவதை 'மும்பை ஸ்பெஷல்' என்றும் சொல்கிறார்கள்.

சேகரிப்பாளர்கள் இதை ஏமாத்து வேலைன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடறாங்க. எனக்கு அது போதவில்லை. ஏமாத்து உண்டுதான். ஆனா அது ஏமாத்தா ஆரம்பிக்கலை. எப்படி ஆச்சுங்கிறதுதான் விஷயம்.

கொஞ்சம் பின்னால போகலாம். ஃபாவ்ர்-லூபா பம்பாய்க்கு வந்தது 1865. வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி அதே பம்பாயில் 1886. சென்னை மவுண்ட் ரோட்டில் பி. ஓர் அண்ட் சன்ஸ். பி. ஓர் வாட்ச் என்று நம்ம தாத்தாமார் பெருமையாச் சொன்னதில் பி. ஓர் கடைக்காரர்தான். வாட்ச்சைச் செஞ்சவன் ஐரோப்பாவில் ஏதோ ஒரு பட்டறையில் இருந்தான். வெஸ்ட் எண்ட் டயலைத் தூக்கிப் பார்த்தா லாஞ்சின்ஸ் மிஷின் இருக்கும். ஆக இந்தியாவில் வாட்ச் புழங்க ஆரம்பிச்ச நாளிலிருந்தே டயல்ல இருக்கிற பேர் வித்தவன் பேர். அது குற்றம் இல்லை, ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்ட ஏற்பாடு. ஒத்துக்காம அடுத்தவன் குறியைப் போட்டால்தான் தப்பு. அதுக்கு 1889-லேயே இந்திய வணிகக் குறிகள் சட்டம் வந்துவிட்டது.

போலியும் புதுசு இல்லை. பாரிஸில் பிரெகே தன் பேரில் வரும் போலிகளோட போராட முடியாம, 1795 வாக்கில் டயல்ல ரகசியக் கையெழுத்து போட ஆரம்பிச்சார். பன்னிரண்டுக்குப் பக்கத்தில் முடி மாதிரி மெல்லிசாக் கீறியிருக்கும், வெளிச்சத்தைச் சாய்ச்சுப் பிடிச்சாத்தான் தெரியும். மறுபக்கம், 1867-ல் ராஸ்காஃப் என்பவர் தொழிலாளி வாங்குகிற விலைக்கு ஒரு வாட்ச் செஞ்சார். அதுக்கு வந்த நகல்கள் அத்தனை, 'ராஸ்காஃப் சிஸ்டம்' என்பதே ஒரு ரகத்தின் பேராகிவிட்டது. விலை உயர்ந்ததுக்கு மட்டும்தான் போலி வரும்னு இல்லை.

நம்ம கதை சூடு பிடிக்கிறது சுதந்திரத்துக்கு அப்புறம். இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் பெங்களூரில் 1953-ல் தொடங்கியது. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோட ஒப்பந்தம் போட்டு வாட்ச் செய்ய ஆரம்பித்தது. முதல் வாட்ச்சுகளை வெளியிட்டவர் நேரு. ஜனதா, பைலட் ரெண்டிலும் ஓடிய 0231 மிஷின் சிட்டிசன் வடிவமைப்புதான். 17 ஜுவல், மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு 5. நாடே நம்பி மணி பார்த்த வாட்ச்சும் ஒரு நகல்தான் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். அனுமதி வாங்கி, காசு கொடுத்து, தன் பேரைப் போட்டுச் செஞ்ச நகல். எச்.எம்.டி.யோட கௌரவமே அதில்தான் இருக்கு.

வெளிநாட்டு வாட்ச் அந்தக் காலத்தில் எவ்வளவு அரிதுன்னு புரிய, 1962 சுங்கச் சட்டத்தின் 123-வது பிரிவைப் படிச்சாப் போதும். கடத்தல்னு சந்தேகப்பட்டுப் பறிமுதல் செஞ்ச பொருள் கடத்தல் இல்லைன்னு நிரூபிக்கிற பொறுப்பு வெச்சிருந்தவன் தலையில் விழும். எந்தெந்தப் பொருளுக்கு? தங்கம் வரும், அதோட கூடவே வாட்ச் வரும். சட்டம் பேர் சொல்லித் தங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார வெச்ச பொருள். சிங்கப்பூர், மலேசியா போய் வந்தவர் கையில் கட்டி வந்த சீக்கோவுக்கும், சென்னையில் பர்மாவிலிருந்து திரும்பினவர்கள் ஆரம்பிச்ச பர்மா பஜாருக்கும் அவ்வளவு மவுசு ஏன்னு இதிலிருந்து தெரியும். மாப்பிள்ளைக்கு மோதிரத்தோட வாட்ச் போடுவதும் அந்தக் கணக்குதான்.

இப்படிப்பட்ட பொருள் கெட்டுப்போனா யாரும் தூக்கிப் போட மாட்டாங்க. திண்டுக்கல் ரத வீதிகளிலும் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும், ஒத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் குனிஞ்சு உட்கார்ந்திருந்த வாட்ச் ரிப்பேர்காரர்களை என் வயசுக்காரர்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கண்ணில் லென்ஸ், மேசையில் பெட்ரோல் கிண்ணம், டப்பா டப்பாவாச் செத்த வாட்ச்சுகளின் உறுப்புகள். நம்ம சமவெளி வெயிலில் வியர்வை சாவி வழியா உள்ளே இறங்கும். டயல் புள்ளி புள்ளியாக் கறுக்கும், ரேடியம் உதிரும். (நம்ம ஊரில் இருட்டில் பச்சையா ஒளிர்ற எல்லாமே ரேடியம்தான்.) கம்பெனி டயல் கிடைக்காது. அதனால் பழைய டயலைச் சுரண்டி, பெயிண்ட் அடிச்சு, எழுத்தை மறுபடி அச்சடிச்சுக் கொடுக்கிற வேலை ஒரு தனித் தொழிலாச்சு. வாட்ச்சுக்காரருக்குத் தெரியும், ரிப்பேர்காரருக்கும் தெரியும். யாரும் யாரையும் ஏமாத்தலை. வீட்டுக்கு வெள்ளை அடிக்கிற மாதிரி.

அப்புறம் குவார்ட்ஸ் வந்தது. 1984-ல் டாடாவும் நம்ம டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரில் ஆலை போட்டு, பேட்டரி வாட்ச்சையே நம்பி இறங்கியது. சாவி கொடுக்கிற வாட்ச் மேசை டிராயருக்குப் போச்சு, அங்கேயிருந்து காயலான் கடைக்கு. இந்த இடத்தில்தான் திருப்பம். மூட்டை மூட்டையா மலிவா மிஷின் கிடைக்குது, டயல் அடிக்கத் தெரிஞ்ச கை இருக்குது, இணையத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளர் இருக்கிறார். மூணும் சேர்ந்ததும் சேவை உற்பத்தியா மாறிடுச்சு. ஒருத்தர் தன் வாட்ச்சைப் புதுப்பிக்கிறது போய், யாருடையதும் இல்லாத வாட்ச்சுகளை நூத்துக்கணக்கில் கோர்க்கிறது வந்தது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்ச்சஸை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததும் "கடைசி ஸ்டாக்" என்ற பேரில் இன்னொரு அலை.

கண்டுபிடிக்கிறது எப்படின்னு கேட்பீங்க. வெளிச்சமும் ஒரு லென்ஸும் போதும். முதல்ல எழுத்தைப் பாருங்க: கம்பெனி அச்சில் எழுத்தின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும், மறு அச்சில் மை கொஞ்சம் பரவி எழுத்து தடிச்சிருக்கும். நிமிஷக் கோடுகள் மணிக் குறிகளோட நேரா வராது, பன்னிரண்டில் சரியா இருக்கும், ஏழு எட்டுக்கு வரும்போது விலகும். முள்ளின் நீளம் இன்னொரு சாட்சி. நிமிஷ முள் நிமிஷக் கோட்டைத் தொடாம நடுவழியில் நின்னா அது வேற வீட்டுப் பிள்ளை. கேஸின் விளிம்புகள் சோப்பு மாதிரி வழுவழுன்னு உருண்டிருந்தா பாலிஷ் போட்டுத் தேய்ச்சுப் பூசியிருக்காங்க. சுவிஸ் பேர் போட்ட டயல்களில் அடியில் 'ஸ்விஸ் மேட்' சொல்லுக்கு ரெண்டு பக்கமும் 'டி' எழுத்து இருக்கும். அது டிரிட்டியம் பூச்சுக்கான குறி, 1960-களில்தான் வழக்கத்துக்கு வந்தது. 1940-கள் வாட்ச் என்று விற்பதில் அது இருந்தா சிரிச்சுட்டு நகர்ந்துடலாம். எல்லாத்தையும் விடப் பெரிய அடையாளம் ஒண்ணு: ஐம்பது வருஷ மிஷின் மேல ஒரு புள்ளி அழுக்கில்லாத டயல். மனுஷன் மாதிரிதான், எல்லா உறுப்பும் ஒரே வேகத்தில் வயசாகணும்.

சரி, ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு அழகா ஒரு வாட்ச், ஓடுது, மணி காட்டுது. என்ன கெட்டுப்போச்சு?

கெட்டுப்போவது வரலாறு. ஒவ்வொரு ஆரஞ்சு டயலுக்கும் அடியில் ஒரு உண்மையான டயல் சுரண்டப்பட்டிருக்கு. எச்.எம்.டி. எந்த மாடலை எந்த வருஷம் எந்த நிறத்தில் விட்டதுன்னு தேடுகிறவனுக்கு முதல் ஆதாரம் அந்த டயல்தான். அது போனது மட்டும் இல்லை, கம்பெனி கனவில்கூட நினைக்காத மாடல்கள் பட்டியல்களில் நுழையுது. ஒருத்தர் படம் போடுவார், அடுத்தவர் அதை ஆதாரமா எடுப்பார், மூணாவது ஆள் விலை நிர்ணயிப்பார்.

இந்தத் தளத்தில் கல்வெட்டுக் குறிப்புகள் படிக்கிறவங்களுக்கு ஒரு விஷயம் ஞாபகம் வரும். பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாக்கியபோது, பழைய கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் மறுபடி வெட்ட வெச்சாங்க. வெட்டினவர்கள் சும்மா விடவில்லை, இது பழைய கல்லின் படி என்று அங்கேயே குறித்தார்கள். எழுத்து புதுசு, செய்தி பழசு, நகல் என்ற அறிவிப்பும் கூடவே. ஆயிரம் வருஷம் கழிச்சு ஆய்வாளர் அதை நம்பிப் பயன்படுத்த முடியுதுன்னா அந்த ஒரு வரியால்தான். எங்க தொழிலில் இதுக்கு ஃபோர்க் என்று பேர். அடுத்தவர் கோடை எடுக்கலாம், மாத்தலாம், ஆனா யாருடையதை எப்போ மாத்தினோம்ங்கிற பதிவை அழிக்கக் கூடாது.

திண்டுக்கல்காரனுக்கு இது தூரத்து விஷயமும் இல்லை. நம்ம பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. லிவர் லிவரா அரத்தால் ராவி, சாவிக்கு ஏத்த மாதிரி கையால் பொருத்துகிற வேலை, வாட்ச் வேலைக்கு ஒண்ணுவிட்ட தம்பி. வேற ஊர்ப் பூட்டைத் திண்டுக்கல் பூட்டுன்னு சொல்லி விக்கிறாங்கங்கிறது இங்கே பல வருஷக் குறை. அந்தக் குறையைச் சொல்லிக்கிட்டே கையில் போலி ரோலக்ஸ் கட்டியிருக்கிறவங்களை நான் பார்த்திருக்கேன். ரெண்டையும் சேர்த்து யோசிக்க அவங்களுக்குத் தோணலை போல.

இப்போ வீட்டிலேயே வாட்ச் கோர்ப்பது ஒரு பொழுதுபோக்கா வளர்ந்திருக்கு. எனக்கும் அந்தப் பைத்தியம் உண்டு. சீக்கோவின் என்.எச்.35 மிஷின் தனியா விலைக்குக் கிடைக்குது: 24 ஜுவல், மணிக்கு 21,600 துடிப்பு, தானா சாவி ஏறும். அதுக்கு ஏத்த கேஸ், டயல், முள் எல்லாம் தனித்தனியா வாங்கலாம். சுவிஸ் ஈ.டி.ஏ. 2824-2 மிஷினின் சீன நகல்களும் தாராளமா வருது. காப்புரிமை முடிஞ்ச வடிவமைப்பு, அதை நகலெடுப்பதில் சட்டச் சிக்கல் இல்லை. சிக்கல் டயலில் அச்சாகிற அந்த ஒரு சொல்லில்தான். கிரீடம் வரைஞ்சு ரோலக்ஸ்னு போட்டா, 1999 வணிகக் குறிகள் சட்டம் 103-வது பிரிவு: 6 மாசத்திலிருந்து 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். ஏமாத்துற எண்ணம் இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது நீங்க. விக்கிறவருக்கு 104-வது பிரிவு தனியா இருக்கு.

"நான் விக்கலையே, எனக்காகத்தானே"ன்னு சிலர் சொல்வாங்க. ஆளுக்கு ஆயுசு உண்டு, வாட்ச்சுக்கு அதை விட ஆயுசு. உங்க பேரன் அதை டிராயரில் கண்டெடுக்கும்போது நீங்க பக்கத்தில் நின்னு விளக்கம் சொல்ல முடியாது. பேர் இல்லாத வெறும் டயல் போடலாம், சொந்தப் பேர் போடலாம். செய்கிற சுகத்தில் ஒரு துளி குறையாது.

கடைசியா ஒண்ணு. வீட்டில் பெரியவங்க வாட்ச் டயல் கறுத்துக் கிடந்தா, ஆயில் சர்வீஸ் மட்டும் பண்ணச் சொல்லுங்க. "டயலைப் புதுசாக்கிடலாம் சார்"னு கடைக்காரர் ஆசை காட்டினா வேண்டாம்னுடுங்க. ஏதாவது உறுப்பு மாத்தியே ஆகணும்னா பழசைக் கேட்டு வாங்கி ஒரு கவரில் போட்டு வையுங்க. பின் மூடியைத் திறக்கும்போது அதன் உட்பக்கத்தைக் கட்டாயம் ஒரு படம் எடுங்க. ரிப்பேர்காரர்கள் ஊசியால் கீறின தேதி, எண், கையெழுத்து இருக்கும். எந்த வருஷம் யார் திறந்தாங்கன்னு வேற எங்கேயும் எழுதாத பதிவு அது. நான் கோர்த்த வாட்ச் மூடிக்குள்ளேயும் வருஷத்தையும் 'என்.எச்.35, திண்டுக்கல்' என்பதையும் கீறி வெச்சிருக்கேன். கீறினது கொஞ்சம் கோணல்தான்.