நடுவர் இல்லாத ஆட்டம்

நாளிதழ்கள் நாட்டின் வாழ்வைப் பக்கம் பக்கமாகப் பிரித்து நமக்குத் தருகின்றன. முதற் பக்கம் அரசியலுக்கு. உட்பக்கம் கொலைக்கும் கொள்ளைக்கும். கடைசிப் பக்கம் விளையாட்டுக்கு. முதற் பக்கத்தைப் பெரியவர் படிக்க, கடைசிப் பக்கத்தை இளைஞன் உருவிக்கொண்டு போகிறான். ஆயின் சமுதாயம் இவ்வாறு பக்கம் பிரித்து வாழ்வதில்லை. முதற் பக்கத்தில் இயற்றப்படும் சட்டமே உட்பக்கத்துக் குற்றவாளியைப் பிடிக்கிறது, அல்லது தப்பவிடுகிறது. கடைசிப் பக்கத்து ஆரவாரமே சில வேளைகளில் மற்ற இரு பக்கங்களின் அழுகுரலையும் மூடிவிடுகிறது. வரலாறு கற்பிப்போரும் கற்போரும் இம்மூன்று பக்கங்களையும் ஒருசேர விரித்துவைத்துப் படித்தல் வேண்டும். 2010 முதல் 2019 வரையான இலங்கையின் பத்தாண்டை நாம் இங்கு அவ்வாறே படிக்க முயல்கிறோம்.

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. பல்லாயிரம் உயிர்களைப் பலிகொண்ட போருக்குப் பின் மக்கள் அமைதியையே வேண்டி நின்றார்கள். ஆட்சியாளரோ அமைதியைக் காட்டிலும் வெற்றியையே விரும்பினார்கள்; வெற்றியைக் காட்டுதற்கு விளையாட்டரங்கை விடச் சிறந்த மேடை எது? 2011 உலகக் கிண்ணப் போட்டிகளுக்காக அம்பாந்தோட்டை மாவட்டத்தின் சூரியவெவவில் ஒரு கிரிக்கெட் அரங்கு எழுந்தது. ஆட்சியிலிருந்த ஜனாதிபதியின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. 2018ஆம் ஆண்டின் பொதுநலவாய விளையாட்டு விழாவையும் அம்பாந்தோட்டையிலேயே நடத்த வேண்டுமென்று அரசு முயன்றது. 2011 நவம்பரில் அவ்வாய்ப்பு அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் நகருக்குப் போயிற்று. நாட்டின் புகழ்பெற்ற துடுப்பாட்டக்காரர் சனத் ஜயசூரிய, விளையாட்டிலிருந்து முற்றாக ஓய்வு பெறுமுன்பே, 2010 ஏப்ரலில் மாத்தறை மாவட்டத்தின் ஆளுங்கட்சிப் பாராளுமன்ற உறுப்பினரானார். தேசிய அணிகளுக்கு விளையாட்டு அமைச்சர் அங்கீகாரம் அளிக்க வேண்டும் என்னும் விதி 1973ஆம் ஆண்டின் விளையாட்டுச் சட்டத்திலிருந்தே வருகிறது. ஆகவே ஆடுகளத்துக்கும் அமைச்சுக்கும் இடையே உயர்ந்த மதில் என்றும் இருந்ததில்லை. இப்போது அங்கிருந்த வேலியும் சாய்ந்தது.

இதே காலத்தில் வேறொரு வேலியும் பிடுங்கப்பட்டது. 2010 செப்டம்பர் 8ஆம் திகதி பதினெட்டாவது அரசியலமைப்புத் திருத்தம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஒருவர் இரு தடவைக்கு மேல் ஜனாதிபதியாகலாகாது என்னும் வரையறையை அது நீக்கியது. அத்துடன் பொலிஸ் ஆணைக்குழு முதலிய அமைப்புகளுக்கு ஆட்களை நியமிக்கும் அதிகாரத்தையும் ஜனாதிபதியின் கையிற் சேர்த்தது. ஆட்டத்தின் நடுவரை ஓர் அணியின் தலைவரே நியமிக்கும் நிலை இது. நமது கரையோர மக்களின் வாக்குகளால் பாராளுமன்றம் சென்ற ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸ் அன்று எவ்வழி நின்றது? திருத்தத்துக்கு ஆதரவாகவே வாக்களித்தது. இந்த உண்மையை நாம் மறத்தலாகாது. பின்வந்த துன்பங்களுக்கு அந்நியரை மட்டும் காரணங் காட்டிவிட்டுத் தப்பிக்கொள்வது வரலாற்று நேர்மை ஆகாது.

வேலி பிடுங்கப்பட்டதன் விலையை ஒரு விளையாட்டு வீரனின் மரணத்தில் நாடு கண்டது. வசீம் தாஜுதீன் தேசிய ரக்பி அணிக்காக ஆடியவர். ஹெவ்லொக் கழக அணிக்குத் தலைமை தாங்கியவர். 2012 மே 17ஆம் திகதி கொழும்பு நாரஹேன்பிட்டியில் அவரது காருள் அவர் இறந்து கிடந்தார். வாகன விபத்து என்றது பொலிஸ். மூன்று ஆண்டுகள் அந்தச் சொல்லே உண்மையாக இருந்தது. 2015 ஜனவரியில் ஆட்சி மாறியது. அதன் பின்னரே விசாரணை மீண்டும் உயிர்பெற்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் தெஹிவளை மையவாடியிலிருந்து அவரது உடல் தோண்டியெடுக்கப்பட்டது. 2016 பெப்ரவரியில் கொழும்பு நீதவான் நீதிமன்றம் அதனைக் கொலை என்று அறிவித்தது. சாட்சியங்களை மறைத்த குற்றச்சாட்டில் ஓர் உயர் பொலிஸ் அதிகாரியே கைதானார். எனினும் அப்பத்தாண்டு முடியும்போது கொலைக்காக எவரும் தண்டிக்கப்பட்டிருக்கவில்லை.

கொன்றவர் யார் என்பதை நாம் இங்கு ஊகிக்கப் போவதில்லை. அது நீதிமன்றத்தின் வேலை. நாம் கேட்பது வேறு. ஓர் ஆட்சியின் கீழ் விபத்தாக இருந்த மரணம் அடுத்த ஆட்சியின் கீழ் எவ்வாறு கொலையாயிற்று? எலும்புகள் மாறவில்லை, பிரேதம் கிடந்த இடம் மாறவில்லை, மாறியது அரசாங்கமே. உண்மை என்பது தேர்தல் முடிவுகளுக்காகக் காத்திருக்க வேண்டிய நாட்டில், செல்வமும் புகழும் உள்ள வீரனுக்கே இக்கதி என்றால், வயலிலும் கடலிலும் உழைக்கும் பெயரற்ற மனிதனுக்கு எக்கதி?

2014ஆம் ஆண்டைப் பார்ப்போம். ஏப்ரல் 6ஆம் திகதி டாக்காவில் இலங்கை அணி இந்தியாவை வென்று இருபது ஓவர் உலகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் யாவரும் மகிழ்ந்தனர். அந்த மகிழ்ச்சி பொய்யன்று. சரியாகப் பத்து வாரங்கள் கழிந்தன. ஜூன் 15ஆம் திகதி அளுத்கமவில் பொது பல சேனாவின் கூட்டம் நடைபெற்றது. அதனைத் தடுக்குமாறு முன்கூட்டியே வேண்டுகோள்கள் விடுக்கப்பட்டும் பொலிஸ் அனுமதித்தது. கூட்டம் முடிந்ததும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன; குறைந்தது மூன்று உயிர்கள் பலியாயின. அன்று லண்டன் லோட்ஸ் மைதானத்தில் இலங்கை அணி இங்கிலாந்துடன் ஆடிக்கொண்டிருந்தது. ஒன்பது நாட்களின் பின் லீட்ஸ் நகரில் அது அத்தொடரையே வென்றது. அளுத்கமவில் சாம்பல் ஆறுமுன்னரே தலைநகரில் மறுபடியும் வெற்றிச் செய்தி!

2018ஆம் ஆண்டு இத்தகைய நெருக்கம் இன்னும் கொடிதாயிற்று. இம்முறை தீ மூண்டது நமக்கு அண்மையில், இறக்காமத்து மக்கள் கச்சேரி அலுவல்களுக்காகப் போய்வரும் அம்பாறை நகரத்தில். பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, ஒரு முஸ்லிம் உணவுக்கடையில் உண்ண வந்தவர்கள் உணவில் ஏதோ கட்டியைக் கண்டு, சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்று கூச்சலிட்டனர். சிங்களம் சரிவரத் தெரியாத கடைக்காரர், சூழ்ந்து நின்றவர்களின் நெருக்குதலில் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு கைபேசியிற் படமாகி ஒப்புதல் வாக்குமூலமாக நாடெங்கும் பரவியது. கடை நொறுங்கியது, நகரத்துப் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அத்தகைய மாத்திரை எதுவும் உலகிலேயே இல்லையென்று மருத்துவர்கள் கூறினர். அரச பகுப்பாய்வாளர் பின்னர் ஆராய்ந்து சொன்னது என்ன? அது வெறும் மாவுக் கட்டி!

அன்பர்களே, இந்தத் தலையசைப்பைச் சிறிது எண்ணிப் பாருங்கள். கேள்வி ஒரு மொழியில். பதில் சொல்ல வேண்டியவனின் மொழி வேறு. இடையில் மொழிபெயர்ப்பாளர் இல்லை, பொலிஸ் இல்லை, நீதவான் இல்லை. கேட்டவனே சாட்சி, அவனே நீதிபதி, அவனே தண்டனையை நிறைவேற்றுபவன். 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் மூட்டிய பகைமை, அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே கல்லோயாக் குடியேற்றப் பகுதிகளில் இரத்தமாக ஓடியது. அன்றும் வதந்தியே கொலைக் கருவிக்கு முன்னோடியாக நடந்தது. அன்று வாயால் பரவியது, இன்று முகநூலால் பரவியது. வேறுபாடு வேகத்தில் மட்டுமே. 2018இன் கலவரத்தில் தனக்கிருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு எரிந்த கடையைக் கட்டித் தருவதில்லை.

அம்பாறைச் சம்பவம் நடந்து ஒரு வாரத்துள் கண்டி மாவட்டம் எரிந்தது. வீதித் தகராறொன்றில் முஸ்லிம் இளைஞர் சிலரால் தாக்கப்பட்ட சிங்களச் சாரதி ஒருவர் மார்ச் 3ஆம் திகதி இறந்தார். அது தண்டிக்கப்பட வேண்டிய குற்றம், அதிற் சந்தேகமில்லை. சிலர் செய்த குற்றத்துக்காக ஒரு சமூகமே தண்டிக்கப்பட்டது. திகன, தெல்தெனியப் பகுதிகளில் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. மார்ச் 6ஆம் திகதி நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. அதே நாள் மாலையில் கொழும்பு பிரேமதாச அரங்கில் விளக்குகள் ஒளிர்ந்தன. சுதந்திரத்தின் எழுபதாம் ஆண்டு நிறைவுக்காக நடத்தப்பட்ட சுதந்திரக் கிண்ணத்தின் முதலாட்டம் அது. இலங்கை இந்தியாவை ஐந்து விக்கெட்டுகளால் வென்றது. ஒரே நாளில் அவசரகாலமும் சுதந்திர விழாவும்! எழுபது ஆண்டுச் சுதந்திரத்தைப் பற்றி எத்தனை நூல்கள் எழுதினாலும் இந்த ஒரு நாள் சொல்லுமளவு அவை சொல்லுமோ?

2019 ஏப்ரல் 21ஆம் திகதி மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் ஹோட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். செய்தவர்கள் முஸ்லிம்களின் பெயரைத் தாங்கியவர்கள். ஐந்து நாட்களின் பின் நமது கரையோரத்துச் சாய்ந்தமருதில், படையினர் சூழ்ந்த வீடொன்றில், அக்கும்பலைச் சேர்ந்தோரும் ஆறு குழந்தைகளும் உட்படப் பதினைவர் வரை இறந்தனர். இந்த நஞ்சு நம் மத்தியிலேயே ஊறியது என்பதைச் சொல்ல நாம் தயங்கலாகாது. அதே சமயம், தாக்குதல் பற்றிய முன்னறிவிப்புக் கிடைத்தும் அரசு செயலற்றுக் கிடந்தது. ஜனாதிபதியும் பிரதமரும் தம்முள் மோதிக்கொண்டிருந்தனர். தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டுமென்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

அடுத்த மாதமே வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் கடைகள் எரிந்தன. குருநாகலில் ஒரு முஸ்லிம் மருத்துவர், பெண்களை இரகசியமாக மலடாக்கினார் என்ற குற்றச்சாட்டிற் கைதானார். அதற்கு ஆதாரமில்லை என்று குற்றப் புலனாய்வினர் கண்டனர். அம்பாறையின் மாவுக் கட்டி பதினைந்து மாதங்களில் அறுவைக் கத்தியாக உருமாறியது! ஒரு பொய் தண்டிக்கப்படாமற் போனால், அது அடங்குவதில்லை. பட்டம் பெற்றுத் திரும்பி வருகிறது.

அந்த ஆண்டின் நவம்பரில், ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தபோது, பாராளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. ஆட்ட நிர்ணயத்தையும் விளையாட்டுச் சூதாட்ட ஊழலையும் குற்றமாக்கி, பத்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கும் 2019ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் அது. தெற்காசியாவில் இத்தகைய சட்டத்தை முதலில் இயற்றிய நாடு இலங்கையே. சட்டம் வேண்டியதுதான். அதே ஆண்டு பெப்ரவரியில், ஊழல் விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லையென்று சர்வதேச கிரிக்கெட் சபை ஜயசூரியவுக்கு இரண்டாண்டுத் தடை விதித்திருந்தது. 2014 வெற்றி அணியில் ஆடிய ஒருவரே 2023 செப்டம்பரில் இச்சட்டத்தின் கீழ்க் கைதானார். அவர் குற்றவாளியா என்பதை நீதிமன்றமே சொல்ல வேண்டும்.

ஆயின் ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் ஆட்டத்தின் முடிவைத் திருடியவனுக்குப் பத்தாண்டுச் சிறை எனச் சட்டம் பிறந்தது. வெறுப்பைத் தூண்டுவோரைத் தண்டிக்கும் சட்டம் 2007ஆம் ஆண்டிலிருந்தே புத்தகத்தில் உள்ளது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் சட்டம் என்பது அதன் பெயர். அளுத்கமக் கூட்டத்தில் முழங்கியவர்களை அது தீண்டவில்லை. அவ்வமைப்பின் பொதுச் செயலாளர் வேறொரு வழக்கில், நீதிமன்றத்தை அவமதித்தமைக்காக 2018இல் சிறை சென்றார். 2019 மே மாதத்தில் ஜனாதிபதியின் மன்னிப்புடன் வெளிவந்தார். பந்துக்குக் கிடைத்த பாதுகாப்பு மனிதனுக்குக் கிடைக்கவில்லை.

விளையாட்டு மக்களை ஒன்றுபடுத்துகிறதே என்று சிலர் வாதிப்பர். ஓரளவு உண்மை. ஆனால் நம் விளையாட்டின் வரலாறும் அவ்வளவு தூயதன்று. வெள்ளையர் காலத்துக் கொழும்பில் சிங்களவருக்கு ஒரு கழகம், தமிழருக்கு ஒரு கழகம், சோனகருக்கு ஒரு கழகம், பறங்கியருக்கு ஒரு கழகம் என்றே கிரிக்கெட் வளர்ந்தது. இன்றும் அப்பெயர்கள் கழகங்களின் வாயில்களில் உள்ளன. எனினும் அக்கழகங்கள் ஒன்றோடொன்று மோதியபோது எவரும் எவருடைய வீட்டையும் எரிக்கவில்லை. ஏன்? களத்தில் இருவருக்கும் பொதுவான விதி இருந்தது. இருவரும் ஏற்ற நடுவர் இருந்தார். ஒற்றுமையைத் தருவது பந்தும் மட்டையுமல்ல. யாவர்க்கும் ஒன்றான விதியே.

அந்த விதி நாட்டிலும் நிலைக்கக் கூடும் என்பதற்கு இப்பத்தாண்டே சான்று தருகிறது. 2018 அக்டோபரில் ஜனாதிபதி பிரதமரை நீக்கி, பின்னர் பாராளுமன்றத்தையும் கலைத்தார். டிசம்பர் 13ஆம் திகதி உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஏகமனதாக அக்கலைப்பைச் சட்டவிரோதம் என்றனர். நடுவர் கை உயர்த்தினார், ஆட்டக்காரர் பணிந்தார். பலம் பொருந்தியோர் தம்முள் பொருதும்போது கிடைத்த அந்த நீதி, அம்பாறைக் கடைக்காரருக்கும் கிடைத்தல் வேண்டும். மாணிக்கமடுவின் மாயக்கல்லி மலையில் 2016 அக்டோபரில் திடீரென ஒரு புத்தர் சிலை வைக்கப்பட்டபோது கலங்கி நின்ற இறக்காமத்துத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் கிடைத்தல் வேண்டும். ஈஸ்டர் நாளில் பிள்ளைகளைப் பறிகொடுத்த கத்தோலிக்கத் தாய்மாருக்கும் கிடைத்தல் வேண்டும். ஒருவருக்கு மறுத்துவிட்டு மற்றவருக்கு வழங்கக்கூடியதன்று நீதி.

ஆசிரியர்களாகிய நாம் என்ன செய்யக் கூடும்? நம் மாணவர் மாலையில் வயல்வெளியில் விளையாடும்போது, ஆட்டமிழந்தானா இல்லையா என்று வாதிடுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். யார் பார்த்தது, எங்கே நின்று பார்த்தாய், பந்து எங்கே பட்டது என்று எத்தனை நுணுக்கமாகக் கேட்கிறார்கள்! அதே பிள்ளைகள் கைபேசியில் வரும் செய்தியிடம் இக்கேள்விகளுள் ஒன்றைக்கூடக் கேட்பதில்லை. களத்தில் உள்ள அக்கேள்வியை வகுப்பறைக்குள் கொண்டுவருவதே வரலாற்றாசிரியனின் முதற் கடமை. அத்துடன், சிங்களம் தெரியாத நம் பிள்ளைகளுக்குச் சிங்களமும், தமிழறியாத அம்பாறைப் பிள்ளைகளுக்குத் தமிழும் ஒழுங்காகக் கற்பிக்கப்பட வேண்டுமென்று கேட்டுப் போராடுவோம். பொலிஸ், நீதித்துறை நியமனங்களை எக்கட்சியின் கையிலும் ஒப்படைக்க வாக்களிக்கும் எவரும், அவர் நம்மவராயினும், மறுமுறை நம் வாக்கைப் பெறலாகாது.