காற்று காலை வாரிய மாலை

2008-ம் ஆண்டு பிப்ரவரி 26. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலம். மாலை 6 மணி 41 நிமிடம். மாநிலத்தின் பெரும்பகுதிக்கு மின்சாரத்தைப் பங்கிட்டுத் தரும் 'எர்காட்' அமைப்பு நெருக்கடி நிலையை அறிவித்தது! (பதற வேண்டாம், மின்சார நெருக்கடிதான்.)

என்ன ஆச்சு? அன்று பிற்பகலில் அங்கிருந்த காற்றாலைகள் 1,700 மெகாவாட்டுக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தன. நெருக்கடியை அறிவித்தபோது மிஞ்சியது வெறும் 300!

அவ்வளவும் எங்கே போச்சு? இங்கேதான் ஒரு சூட்சுமம். காற்றின் வேகம் பாதியானால் மின்சாரமும் பாதியாகும் என்றுதானே நினைப்பீர்கள்? ஊஹூம்... மிதமான காற்றில் அது கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்காகிவிடும். வேகம் பாதியானால், ஒரு நொடியில் இறக்கையைக் கடக்கும் காற்றின் அளவு பாதியாகிறது. அந்தக் காற்று சுமந்துவரும் சக்தியோ, கிலோவுக்குக் கால்வாசிதான். பாதியில் கால்வாசி எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சரி, காற்று பேயாக அடித்தால்? அதுவும் வம்புதான். நொடிக்குச் சுமார் 25 மீட்டரைத் தாண்டினால், பெரும்பாலான காற்றாலைகள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும்.

டெக்ஸாஸில் கைகொடுத்தது ஒரு பழைய ஒப்பந்தம். 'அவசரமென்றால் எங்கள் கரண்ட்டை நிறுத்திக்கொள்ளுங்கள்' என்று பணம் வாங்கிக்கொண்டு சம்மதித்திருந்த பெரிய தொழிற்சாலைகள், பத்தே நிமிஷத்தில் சுமார் 1,100 மெகாவாட் சுமையை இறக்கின. வீடுகளில் விளக்கு அணையவில்லை.

மறுநாளே செய்திகளில் குற்றவாளி தயார்: காற்று!

அதே வருடம் ஆய்வாளர்கள் உட்கார்ந்து அலசியபோதுதான் கதை மாறியது. காற்று ஒரே நொடியில் காணாமல் போகவில்லை, சில மணி நேரமாகவே இறங்கிக்கொண்டிருந்தது. மாலை நேரத் தேவையோ எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறியது. தருவதாகக் கணக்குக் கொடுத்திருந்த வேறு சில உற்பத்தியாளர்களும் சொன்ன அளவைத் தரவில்லை. இதையெல்லாம்விட வேடிக்கை... காற்று குறையப்போகிறது என்று ஒரு கணிப்பு முன்கூட்டியே சொல்லியிருந்தது! ஆனால் அது அப்போது சோதனை ஓட்டத்தில் இருந்ததால், கட்டுப்பாட்டு அறை அதைக் கணக்கில் எடுக்கவில்லை. காற்றாலைகள் சார்பில் தரப்பட்டிருந்த உற்பத்தி அட்டவணையை நம்பியே வண்டி ஓடிக்கொண்டிருந்தது. என்னைக் கேட்டால், காற்றைத் திட்டியவர்கள் முதலில் அந்த அட்டவணையைத்தான் திட்டியிருக்க வேண்டும்!

பிறகு எர்காட் சுதாரித்துக்கொண்டது. கணிப்புகள் கட்டுப்பாட்டு அறைக்குள் வந்தன. அடுத்த சில மணி நேரத்தில் காற்று மின்சாரம் திடீரென ஏறவோ சரியவோ எத்தனை சதவிகிதம் வாய்ப்பு என்று எச்சரிக்கும் ஏற்பாடும் 2010-ல் வந்து சேர்ந்தது.