தொண்ணூறு பைசாவும் நூறு ரூபாயும்: கரிசல் பகுதியில் காமிக்ஸ் விலையும் சிறுவர் வாசிப்பும்

ஓட்டப்பிடாரம், கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி ஆகிய ஊர்கள் ஒரே கரிசல் நிலத்தொடரில் அமைந்தவை. மழையை நம்பிய கம்பும் சோளமும் பருத்தியும் ஒருபுறம், தீப்பெட்டித் தொழில் மறுபுறம் என்று வாழ்ந்த இப்பகுதியில்தான் தமிழ்ச் சித்திரக்கதை இதழ்களின் முக்கிய அச்சுக்களமும் இருந்தது. சிவகாசியில் சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழான ‘இரும்புக்கை மாயாவி’ 1972இல் வெளிவந்தது. விலை 90 பைசா. ஒரு ரூபாய் கொடுத்தால் சில்லறை திரும்பக் கிடைக்கும் என்பது அன்றைய சிறுவர் கணக்கில் சிறிய செய்தி அல்ல.

முல்லை தங்கராசன் ஆசிரியராக இருந்த அந்த இதழ், பிரிட்டிஷ் வார இதழ்களில் துண்டு துண்டாக வந்த தொடர்களைக் கையடக்க அளவில் முழுக்கதையாகத் தந்தது. ஆனாலும் 90 பைசா கிராமத்துச் சிறுவருக்கு எளிதில் கிடைக்கும் தொகை அல்ல. திருவிழாக் காசு, விருந்தாளி கையில் திணித்துவிட்டுப் போகும் நாணயம், கடைக்குப் போய்வந்ததில் மிஞ்சிய சில்லறை எனச் சேர்த்துத்தான் ஒரு புத்தகம் வாங்க முடிந்தது. எனவே ஒருவர் வாங்க, பலர் படிப்பது வழக்கமாயிற்று. படித்த இதழைக் கொடுத்துப் படிக்காததை வாங்கிக்கொள்ளும் பண்டமாற்று, சில பைசாவுக்கு ஒரு நாள் வாடகை, பழைய புத்தகக் கடையில் பாதி விலை ஆகிய மூன்றும் சேர்ந்ததே இந்த வாசிப்பின் உண்மையான சந்தை. அச்சிட்ட விலையை மட்டும் வைத்து வாசகர் தொகையைக் கணிப்பது இதனால் பிழையாகும்.

1984 ஜூலையில் இச்சந்தை பெரிதாக மாறியது. சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். விலை 2 ரூபாய். அதே மாதம் தினத்தந்தி நாளிதழ்க் குழுமம் அ. மா. சாமியை ஆசிரியராகக் கொண்டு ராணி காமிக்ஸை வெளியிட்டது; விலை ஒன்றரை ரூபாய், மாதம் இருமுறை. நாளிதழ் போய்ச்சேரும் ஊருக்கெல்லாம் காமிக்ஸையும் கொண்டுசெல்ல அக்குழுமத்தின் முகவர் வலை உதவியது. மற்ற இதழ்களுக்குத் தூத்துக்குடி, கோவில்பட்டி போன்ற பெரிய ஊர்களின் கடைகளைத் தேட வேண்டியிருந்தது. அங்கே போய்வரும் பேருந்துக் கட்டணமும் புத்தக விலையோடு சேர்ந்ததுதான். எந்த அட்டையிலும் அது அச்சாகவில்லை.

விலையை ஏற்றாமல் பிடித்துவைத்ததற்கு முன்னுதாரணம் உண்டு: அமெரிக்காவில் 1930களின் பிற்பகுதியிலிருந்து 1961 வரை காமிக்ஸ் இதழின் வழக்கமான விலை 10 சென்ட்டாகவே நின்றது. அந்த விலையைக் காப்பதற்காக 64 பக்க இதழ் படிப்படியாக 32 பக்கமாக்கப்பட்டது. தமிழில் விலையை அப்படிப் பிடித்துவைக்க முடியவில்லை. காகிதச் செலவு ஏறியது. 1991 ஜூலையில் ரூபாய் மதிப்புக் குறைப்பும் வந்தது. பல இந்திய மொழிகளில் வந்த இந்திரஜால் காமிக்ஸ் அதற்கு முன்பே, 1990இல், நின்றிருந்தது. 1993 ஏப்ரலில் சன் டிவி ஒளிபரப்பைத் தொடங்க, மாலை நேரத்தைப் பிடித்துக்கொள்ளப் புதிய போட்டி வந்தது. 2000களில் லயன், முத்து இதழ்களின் வழக்கமான விலை 10 ரூபாயை எட்டியது. ராணி காமிக்ஸ் 500 இதழ்களோடு 2005இல் முடிந்தது.

விலை ஏறியதால் சிறுவர்கள் விலகினார்கள் என்ற பொதுக்கருத்து பாதி உண்மைதான். பத்து ரூபாய்க் காலத்துச் சிறுவருக்குப் பத்து ரூபாய் பெரிய தடையல்ல. கையில் காசும் கண்ணெதிரே தொலைக்காட்சியும் சேர்ந்தே வந்தன. இதழை விடாமல் தொடர்ந்தவர்கள் பெரும்பாலும் பழைய வாசகர்களே. அவர்கள் அதற்குள் சம்பளக்காரர்களாகியிருந்தனர். பதிப்பாளரும் அவர்களையே நம்பினார். 2010இல் லயனின் ‘இரத்தப் படலம்’ தொகுப்பு 200 ரூபாய்க்கு வந்தது. 2011 ஜூன் 30உடன் 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் செல்லாதவையாயின. அடுத்த சில மாதங்களில், 2012 ஜனவரியில், லயன் ‘கம் பேக் ஸ்பெஷல்’ 100 ரூபாய் விலையில் வெளியானது. ஓராண்டு கழித்து முத்துவின் ‘நெவர் பிஃபோர் ஸ்பெஷல்’ 400 ரூபாய். வழவழப்பான தாளில் வண்ண அச்சும் ஆண்டுச் சந்தாவும் கூரியரும் புத்தகக் கண்காட்சியும் பெட்டிக்கடையின் இடத்தைப் பிடித்தன. சில்லறை சேர்த்து ஓர் இதழ் வாங்கும் வழி இந்த ஏற்பாட்டில் இல்லை.

90 பைசா இதழ்களின் கதையும் விலையோடு பிணைந்ததே. கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்து, நடுப்பக்கம் கழன்று, பழைய தாளோடு எடைக்குப் போனவை மிகுதி. அட்டையோடு தப்பிய பிரதிகளுக்குச் சேகரிப்பாளர்கள் இன்று பல நூறு மடங்கு விலை கொடுக்கிறார்கள்.