சதுரங்கத்தின் குறையும் திருத்தமும்

“உஸ்தாத், கோட்டை கட்டாமல் சதுரங்கம் ஆடலாமா?” என்று தக்கலை மாணவன் ஒருவன் அண்மையில் வினவினான். “ஆடலாம், நம் முன்னோர் அப்படித்தான் ஆடினார்கள்” என்றேன். அவனுக்குச் சொன்னதையே ஈண்டு சற்று விரித்துரைக்கிறேன்.

நம் நாட்டிலிருந்து பாரசீகம் வழியாக அரபு மக்களிடம் சென்ற இவ்விளையாட்டு, அங்கே ‘ஷத்ரஞ்ச்’ எனப் பெயர் பெற்றது. இன்று ராணி நிற்கும் கட்டத்தில் அன்று நின்றவர் ‘ஃபிர்ஸான்’ என்னும் அமைச்சர். மூலைவாட்டில் ஒரு கட்டமே நகர்வார். இன்றைய மந்திரியின் இடத்தில் நின்ற ‘ஃபீல்’ என்னும் யானையோ, மூலைவாட்டில் இரண்டாம் கட்டத்துக்கு மட்டுமே தாவும். எனவே படைகள் நெருங்கவே நெடுநேரம் சென்றது. ஆட்டத்தின் மந்தமே அக்காலத்தார் கண்ட குறை.

அதற்குப் பரிகாரமாக வந்தது ‘தஅபியா’. அணிவகுப்பு என்பது இச்சொல்லின் பொருள். நன்கறிந்த ஓர் அணிவகுப்பை முதலில் அமைத்துக்கொண்டு போரில் இறங்குவார்கள். அப்பாசியர் அவையில் புகழ்பெற்ற அஸ்ஸூலி இவற்றைப் பற்றி எழுதியுள்ளார். பலகையையே மாற்றியவர்களும் உண்டு. கி.பி. 956இல் மறைந்த வரலாற்றாசிரியர் அல்மஸ்ஊதி, வட்டப் பலகையையும் நூறு கட்டப் பலகையையும் குறிப்பிடுகிறார்.

15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியர் ராணிக்கும் மந்திரிக்கும் இன்றைய வலிமையை அளித்தனர். மந்தம் ஒழிந்தது; வேறொரு குறை முளைத்தது. தொடக்க நகர்வுகள் நூல்களிலும் பின்னர் கணிப்பொறியிலும் ஆராயப்பட்டு, மனப்பாடப் பொருளாயின. 1996இல் பாபி ஃபிஷர், பின்வரிசைக் காய்களை இடம் மாற்றி அடுக்கும் 960 தொடக்க நிலைகளை முன்வைத்தார். 2019இல் கிராம்னிக், கோட்டை கட்டுவதையே நீக்கலாம் என்றார். 2020 ஜனவரியில் சென்னையில் அம்முறையில் ஒரு போட்டி நடந்தது. 2021இல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் நம் விசுவநாதன் ஆனந்த், அதே முறையில் கிராம்னிக்கை 2½–1½ என வென்றார்.

ஆனால் ஷத்ரஞ்சில் கோட்டை கட்டுதல் என்றுமே இருந்ததில்லை. நம் பழைய நாட்டு ஆட்டத்திலும், மன்னர் ஒருமுறை குதிரைபோல் தாவுவதே வழக்கம். இதனினும் வியப்பு ஒன்றுண்டு: அறிந்த அணிவகுப்பிலிருந்து தொடங்குவது அன்று மருந்து, இன்று அதுவே நோய்!

மனனம் செய்தே கல்வி பெற்ற நான் மனப்பாடத்தை இகழ மாட்டேன். ஆயினும் மனனம் முடியும் இடத்தில் சிந்தனை தொடங்க வேண்டும். அந்த இடம் வெகுதூரம் தள்ளிப்போகும்போதெல்லாம் மனிதன் விதியைத் திருத்துகிறான். பலகைக்கு மட்டுமன்று, பாடசாலைக்கும் இது பொருந்தும்.