இறக்கைக்குப் போன சீமெண்ணெய்

வாலிநோக்கம் தொடங்கிப் பாம்பன் வரைக்கும் இந்தக் கரையில் வள்ளத்தின் பின்னால் தொங்கும் அவுட்போர்டு எஞ்சினுக்கு ஊற்றுவது சீமெண்ணெய். மதுரையிலிருந்து கொழும்புக்குத் தலைக்கு மேலே போகிற விமானத்தின் இறக்கைக்குள் இருப்பதும் ஏறக்குறைய அதே எண்ணெய்தான். இரண்டும் எண்ணெய் ஆலையின் ஒரே கோபுரத்தில், ஒரே கொதிநிலை வரம்பில் பிறந்தவை. விமானத்துக்குப் போவது கூடுதலாகச் சில பரீட்சைகள் எழுதித் தேறியிருக்கும், அவ்வளவுதான். 2022இல் அக்கரையான இலங்கையில் இரண்டும் சேர்ந்தே காணாமல் போயின. டாலர் தீர்ந்ததால் வந்த வினை என்று எல்லாரும் சொன்னார்கள். அது பாதிக் கதை.

இலங்கையில் எண்ணெய் விற்பனை ஒருகாலத்தில் ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் ஆகிய மூன்று அந்நியக் கம்பெனிகளின் கையில் இருந்தது. 1961இல் அரசு சிலோன் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கி, பின்னர் அவற்றின் சொத்துகளை எடுத்துக்கொண்டது. நட்டஈடு விஷயத்தில் தகராறாகி, 1963இல் அமெரிக்கா தன் உதவியையே நிறுத்தியது. அந்தப் பிடிவாதத்தின் தொடர்ச்சியாக 1969இல் கொழும்புக்குப் பக்கத்தில் எழுந்ததுதான் சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு ஆலை. ஈரானின் இலேசான கச்சா எண்ணெய்க்கென்றே அளவெடுத்துக் கட்டியது.

அதே 1969இல்தான் நம் மணலி ஆலையும் ஓடத் தொடங்கியது. அதிலும் ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனிக்குப் பங்கு உண்டு. மூன்று வருடம் முந்திக்கொண்டது கொச்சி. மணலியும் கொச்சியும் ஆண்டுக்கு 25 லட்சம் டன்னில் தொடங்கின. சப்புகஸ்கந்த நாளுக்கு 38,000 பீப்பாய், அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 19 லட்சம் டன். பெரிய வித்தியாசமில்லை. இன்றைக்கு மணலி 105 லட்சம் டன், கொச்சி 155 லட்சம் டன். சப்புகஸ்கந்த 50,000 பீப்பாயோடு நின்றுவிட்டது. மணலி பிறந்தபோது இருந்த அளவை இப்போதுதான் எட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். 2022இல் வெடித்த பிரச்சினையின் வேர் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நல்ல நாளில் விமானத்துக்கு எண்ணெய் போகும் வழி இப்படி. கச்சா எண்ணெய்க் கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்குள் வராது. வெளியே ஆழ்கடலில் மிதக்கும் ஒரு மிதவையில் கட்டிக்கொண்டு, கடலடிக் குழாய் வழியாக எண்ணெயை ஒருகொடவத்தத் தொட்டிகளுக்கு இறைத்துவிட்டுப் போய்விடும். அங்கிருந்து சப்புகஸ்கந்த. உலையில் 350 டிகிரி அளவுக்குக் காய்ச்சிக் கோபுரத்துக்குள் விட்டால், இலேசான ஆவி உச்சிக்குப் போகும், தாரும் உலை எண்ணெயும் அடியில் தங்கும். இடையில், 150 டிகிரிக்கும் 250 டிகிரிக்கும் நடுவே கொதிக்கிற பங்கு மண்ணெண்ணெய், அதாவது நம் சீமெண்ணெய். அதிலிருக்கும் கந்தகச் சேர்மங்களைத் திருத்தி, மைனஸ் 47 டிகிரிக் குளிரிலும் உறையாது, 38 டிகிரிக்குக் கீழே தீப்பற்றாது என்று சோதனைச்சாலை சான்று கொடுத்தால், அதற்கு ஜெட் ஏ-1 என்று பெயர். பிறகு கொலன்னாவ தொட்டிகள், ரயில் தாங்கிகள், கட்டுநாயக்க விமான நிலையம்.

அங்கேயும் விடமாட்டார்கள். விமானத்தில் ஏற்றுவதற்கு முன் ஒரு கண்ணாடி ஜாடியில் பிடித்து வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பார்கள், தூசு தெரியக்கூடாது. அடுத்து ஒரு சிரிஞ்சு. அதன் முனையில் மருந்து பூசிய சின்ன மஞ்சள் வில்லை. எண்ணெயை அதன் வழியாக உறிஞ்சும்போது மஞ்சள் பச்சையாகத் திரும்பினால் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். ஏற்றுவதை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். மேலே, அத்தனை குளிரில், கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகூடப் பனிக்கட்டியாகி வடிகட்டியை அடைத்துவிடும்.

சரிவு ஒரே நாளில் வரவில்லை. ஆலையைப் பெரிதாக்கும் பேச்சு பல வருடம் நடந்தது. 2008இல் ஈரான் அதிபர் அகமதிநெஜாத் கொழும்புக்கு வந்தபோது, ஈரான் கடனில் கொள்ளளவை இரண்டு மடங்காக்கலாம் என்ற நம்பிக்கை இருந்தது. நடக்கவில்லை. 2012இல் அமெரிக்கத் தடை இறுகியதும் ஈரான் எண்ணெயே வராமல் போயிற்று. அதற்காகவே கட்டிய ஆலை, கிடைத்த கச்சா எண்ணெயை வைத்துச் சமாளித்தது. ஈரானுக்குக் கொடுக்க வேண்டிய பழைய பாக்கி 25 கோடி டாலர் அப்படியே நின்றது. அதைத் தேயிலையாகக் கொடுத்துத் தீர்ப்பது என்று 2021 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டார்கள். இந்தக் கரை வழியாக ராமநாதபுரம் சீமையிலிருந்து மலைநாட்டுக்குக் கூலியாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் பறித்த கொழுந்தும், எப்போதோ எரிந்து தீர்ந்த எண்ணெய்க்கு விலையானது.

2021 நவம்பரில், கச்சா எண்ணெய் வாங்க டாலர் இல்லாமல், ஆலையை முதல்முறையாக மூடினார்கள். டிசம்பரில் திறந்தது, ஜனவரியில் மறுபடி மூடியது. 2022 மார்ச் 20இல் திரும்பவும் நின்றது. இரண்டு நாள் கழித்து, மார்ச் 22இல், தனுஷ்கோடிப் பக்கம் இரண்டு குழுக்களாகப் பதினாறு பேர் வந்து இறங்கினார்கள். நெருக்கடி தொடங்கியபின் வந்த முதல் அகதிகள். மே மாதம் 90,000 டன் ரஷ்யக் கச்சா எண்ணெய் வாங்கினார்கள். பணம் கட்ட வழியில்லாமல் அந்தக் கப்பல் கொழும்புக்கு வெளியே ஒரு மாதத்துக்கு மேல் காத்துக் கிடந்தது. அத்தனையும் சேர்ந்து ஆலைக்கு முழு வேகத்தில் இரண்டு வாரத்துக்குக்கூடக் காணாது.

ஆலை நின்றால் ஜெட் எரிபொருளைச் சுத்திகரித்த சரக்காகவே வாங்க வேண்டும். அதற்கும் டாலர்தான். இதில் ஒரு கொடுமை இருக்கிறது: வெளிநாட்டு விமானத்துக்கு ஊற்றும் எண்ணெய் டாலர் கொண்டுவருகிற சரக்கு. டாலர் இல்லாததால் கச்சா எண்ணெய் இல்லை, கச்சா எண்ணெய் இல்லாததால் அந்த டாலரும் இல்லை.

எண்ணெய் விமானத்தைத் தேடி வராததால், விமானம் எண்ணெயைத் தேடிப் புறப்பட்டது. திரும்பிப் போவதற்கும் சேர்த்து ஊற்றிக்கொண்டு வாருங்கள் என்று மற்ற நாட்டு விமானங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். சுமந்து வருகிற எண்ணெயின் பாரத்துக்கே கொஞ்சம் எண்ணெய் எரியும் என்பது வேறு விஷயம். ஸ்ரீலங்கன் விமானங்கள் மே மாதக் கடைசியிலிருந்து திருவனந்தபுரத்தில் இறங்கத் தொடங்கின. பிராங்பர்ட் போகிற விமானத்துக்கு அது வழியில் இருக்கும் ஊர். மெல்போர்ன் விமானத்தைப் பாருங்கள்: தென்கிழக்கே போக வேண்டியது, முதலில் வடமேற்கே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பறந்து, கேரளத்தில் இறங்கி, ஊற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பி இந்துமாக்கடலைக் கடக்க வேண்டும். பயணிகள் இறங்க மாட்டார்கள். இதற்குத் தொழில்நுட்பத் தரையிறக்கம் என்று பெயர். ஜூலை நடுவில் திருவனந்தபுரமும் கொச்சியும் சேர்ந்து இப்படி 120 விமானங்களுக்கு மேல் ஊற்றிவிட்டதாக இந்திய விமானத்துறை அமைச்சர் சிந்தியா சொன்னார்.

அந்த விமானம் போய் இறங்கும் மெல்போர்னிலும் முந்தைய வருடம்தான் அல்டோனா சுத்திகரிப்பு ஆலையை மூடியிருந்தார்கள். அதே 2021இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் குவினானாவும் போயிற்று. அந்தப் பெரிய கண்டத்தில் மிஞ்சியவை இரண்டே ஆலைகள். ஆனாலும் மெல்போர்னில் விமானம் காலித் தொட்டியோடு நிற்கவில்லை. வாங்கக் காசிருந்தால் ஆலை இல்லாமலும் காலம் தள்ளலாம். ஆலையும் சின்னது, காசும் இல்லை என்றால்தான் மாட்டிக்கொள்கிறோம்.

மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மீனவர் பட்டபாடு இதைவிடக் கடுமை. விமானம் திருவனந்தபுரம் போகலாம், வள்ளம் எங்கே போகும்? ஆலை நின்றதும் மண்ணெண்ணெய் நின்றது. திரும்பக் கிடைத்தபோது, ஆகஸ்டில், லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய் ஆனது.

2025 ஜனவரியில் சீனாவின் சினோபெக்கோடு அம்பாந்தோட்டையில் புதிய ஆலைக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். மதிப்பு 370 கோடி டாலர். கொள்ளளவு நாளுக்கு 2 லட்சம் பீப்பாய், சப்புகஸ்கந்தவைப் போல நான்கு மடங்கு. அதில் பெரும்பங்கு ஏற்றுமதிக்கென்றே திட்டம். அதுவரைக்கும் இலங்கைக்கு இருக்கிற ஒரே சுத்திகரிப்பு ஆலை 1969இல் கட்டியதுதான்.