பேராசிரியர் எர்பகான்

இஸ்தான்புல் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில் 1940களின் பிற்பகுதியில் பொறியியல் பயின்ற மூவர் பின்னாளில் துருக்கியின் பிரதமர்களாயினர். சுலைமான் டெமிரேல், துர்குத் ஒசால், நெக்மெத்தின் எர்பகான் என்போரே அம்மூவர். மற்றிருவரும் முந்திக்கொண்டனர். எர்பகானுக்கு அப்பதவி கிட்ட அறுபத்தொன்பது வயதாயிற்று.

நேயர்களே, 1926இல் சினொப் நகரில் நீதிபதி ஒருவரின் மகனாகப் பிறந்த எர்பகான், ஜேர்மனியின் ஆகன் நகரில் இயந்திரப் பொறியியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். தாயகம் திரும்பியவர் விரிவுரை மண்டபத்தோடு நின்றாரல்லர். 1956இல் பங்காளர் பலரைத் திரட்டி 'குமுஷ் மோட்டார்' என்னும் டீசல் எஞ்சின் தொழிற்சாலையைத் தொடங்கினார். இயந்திரத்தைப் பிறரிடம் வாங்கும் நாடு கொள்கையையும் பிறரிடமே வாங்க நேரும் என்பது அவர் எண்ணம். அவருடைய அரசியல் முழுவதும் இங்கிருந்தே புறப்பட்டது என்பேன்.

1969இல் டெமிரேலின் நீதிக் கட்சியில் இடம் கேட்டார், டெமிரேல் மறுத்தார். கொன்யாவில் சுயேச்சையாக நின்று வென்றார். 1970இல் அமைத்த முதற் கட்சியை, மதச்சார்பின்மைக்கு மாறானதென்று மறு ஆண்டே அரசியலமைப்பு நீதிமன்றம் மூடிற்று. இரண்டாவது கட்சி 1980இன் இராணுவப் புரட்சியோடு போயிற்று. இடையில், தம்மை மறுத்த அதே டெமிரேலின் கீழ் உதவிப் பிரதமராகவும் இருந்தார். அரசியலில் இப்படியும் நடக்கும்!

மூன்றாவதான ரெபா கட்சி 1995 டிசம்பர்த் தேர்தலில் 158 ஆசனங்களுடன் முதலிடம் பெற்றது. 1996 ஜூன் 28இல், பொருளியற் பேராசிரியையான தன்சு சில்லருடன் கூட்டுச் சேர்ந்து பிரதமரானார். அவர் செய்தவை யாவும் விவேகமானவை என்று சொல்லமாட்டேன். அவ்வாண்டே லிபியா சென்று, கடாபியின் கூடாரத்தில் குர்திய மக்கள் குறித்த கண்டனத்தைக் கேட்டுக்கொண்டிருந்தமை உள்நாட்டில் அவர் மதிப்பைக் குறைத்தது.

1997 பெப்ரவரி 28இல் தேசிய பாதுகாப்புச் சபையில் தளபதிகள், மதப் பாடசாலைகள் முதலானவற்றைக் கட்டுப்படுத்தும் தீர்மானங்களை அவர் முன் வைத்தனர். சில நாள் தயங்கினார், பின்னர் கையொப்பமிட்டார். மக்கள் வாக்கால் வந்த ஒருவர் தம் கையாலேயே அதனைச் செய்ய நேர்ந்தது. ஜூன் 15இல் எட்டு முஸ்லிம் நாடுகளின் 'டி-8' அமைப்பை இஸ்தான்புல்லில் தொடக்கிவைத்தார். மூன்றாம் நாள் பதவி துறந்தார். அடுத்து சில்லர் பிரதமராவார் என்பதே கூட்டாளிகளின் ஏற்பாடு. ஆனால் அப்போது ஜனாதிபதியாயிருந்தவர் டெமிரேல். அவர் மெசுத் யில்மாசை அழைத்தார்.

1998 ஜனவரியில் ரெபாவும் மூடப்பட்டது. அவரது அணியில் வளர்ந்த எர்டோகானும் குல்லும் 2001இல் தனிக் கட்சி கண்டு மறு ஆண்டே ஆட்சியைப் பிடித்தனர். எர்பகான் 2011 பெப்ரவரி 27இல் அங்காராவில் காலமானார். ஆதரவாளர்கள் கடைசிவரை அவரைப் பிரதமர் என்றல்ல, 'ஹோஜா', அதாவது ஆசிரியர், என்றே அழைத்தனர்.