பாட்டனார் எங்கே பிறந்தார்?

யாங்கூனிலிருந்து பாகோ ஆற்றைக் கடந்தால் தன்லியின். ஆங்கிலேயர் காலத்துச் சிரியம். போர்ச்சுக்கீசியரான பிலிப் டி பிரிட்டோ ஆண்ட துறைமுகம் என்றே வரலாற்று நூல்கள் இவ்வூரை அறிமுகப்படுத்தும். பிழைப்புத் தேடிப் போன நம்மவர்களுக்கோ இது எண்ணெய் ஊர். இங்கிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் சுத்திகரிப்பு ஆலையை, ஜப்பானியர் கையில் சிக்கிவிடக்கூடாது என்று 1942 மார்ச்சில் ஆங்கிலேயரே அழித்தார்கள்.

அவ்வாண்டு லட்சக்கணக்கான இந்தியர் பர்மாவைவிட்டு வெளியேறினார்கள். அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலைகள் வழியாகவும் நடந்தவர்களே மிகுதி. நடந்தவர்களில் ஒருவரான வெ. சாமிநாத சர்மா அந்த அனுபவத்தை நூலாக எழுதினார். தோளில் சுமக்கப்பட்ட பிள்ளைகளும் அதே பாதையைத்தான் பார்த்தார்கள். அவர்கள் பார்த்ததைக் கேட்டு எழுதியவர்கள் அரிது. 1960களில் கடைகளும் தொழில்களும் தேசியமயமானபின் சென்னைக்குக் கப்பலேறிய பிள்ளைகளுக்கும் இதே கதிதான். கணினித் துறையில் இருப்பவன் என்பதால் இது எனக்கு எளிதில் புரிகிறது: படிவத்தில் கட்டம் இல்லாத செய்தி, பதிவேட்டைப் பொறுத்தவரை நடக்காத செய்தி.

இந்தக் குறையைத் தீர்க்க இன்று ஒரு வழி உண்டு. 1990களில் கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் இருவரும் சீனாவின் யுன்னான் கிராமத்துப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்து, அவர்கள் வாழ்வை அவர்களையே படம்பிடித்துப் பேசச் செய்தார்கள். 'ஃபோட்டோவாய்ஸ்' எனப்படும் இம்முறை, பிறகு புலம்பெயர்ந்த பிள்ளைகளிடமும் சென்றது. பிள்ளை தன் தெருவை வரைகிறது, பாட்டியிடம் கேள்வி கேட்கிறது, வீட்டில் ஒரு பெயரும் பள்ளியில் ஒரு பெயரும் தனக்கு ஏன் என்று யோசிக்கிறது. ஆய்வுப் பொருளாக இருந்த பிள்ளை ஆய்வாளராகிறது.

தன்லியினில் இதைச் செய்யும்போது ஒன்றை மறக்கக்கூடாது. பிள்ளை ஆசையாகக் கேட்கும் "தாத்தா எங்கே பிறந்தார்?" என்ற கேள்வியை அங்கே அரசாங்கமும் கேட்கிறது. 1982 குடியுரிமைச் சட்டம், 1823க்கு முன்பே பர்மாவில் நிலைகொண்ட இனங்களை முழுக் குடிமக்களாக ஏற்கிறது. மற்றவர்களை இணைக் குடிமக்கள், குடியுரிமை வழங்கப்பட்டவர்கள் என்று பிரிக்கிறது. மூன்று தலைமுறை கடந்தால் பேரப்பிள்ளைகள் முழுக் குடிமக்களாக வழியுண்டு. ஆனால் அதைக் காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். போரிலும் இடப்பெயர்விலும் காகிதத்தைத் தொலைத்த குடும்பங்கள் எத்தனையோ.

ஆகவே பிள்ளை வரையும் குடும்ப மரம் வெறும் கைவேலையன்று. தவறான கைக்குப் போனால் அது குடும்பத்துக்கே வினையாகலாம். எதைச் சொல்வது, எதை மறைப்பது, யாருக்குக் காட்டுவது என்பதைப் பிள்ளையும் வீட்டாரும் சேர்ந்தே முடிவு செய்யவேண்டும். தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது, 1989இன் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை. மியான்மர் 1991இல் அதில் இணைந்தது.

அலுவலகம் கேட்கும் கேள்விக்கு ஒரு வரிப் பதில் போதும். பாட்டி சொல்லும் பதிலில் ஊரும் உறவும் பசியும் பாட்டும் வரும். அதைக் கேட்டு எழுதப் பிள்ளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுப்போம். அது யாருடையது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்வோம்.